நெடுந்தூர ரயில் நஷ்டமா? ஆம்ட்ராக் கணக்கு பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, அமெரிக்காவில் அரசு பணம் கொடுத்து நடத்தும் பயணி ரயில் கம்பெனியான ஆம்ட்ராக்கின் நெடுந்தூர ரயில்களில் ஆளுக்கு இத்தனை டாலர் நஷ்டம் என்று செய்தியில் போடுகிறார்களே, பொய்யா?

பொய் இல்லை தம்பி. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. ஒரு பேச்சுக்கு, 100 மைல் போகிறவரால் 30 டாலர், 800 மைல் போகிறவரால் 120 டாலர் நஷ்டம் என்று வையுங்கள். ஆள் கணக்கில் இரண்டாவது ரயில் 4 மடங்கு மோசம். மைல் கணக்கில் முதலாவதில் 30 சென்ட், இரண்டாவதில் 15 சென்ட்தான். ஒரு பயணியை ஒரு மைல் கொண்டுபோக எவ்வளவு என்ற இந்தப் பயணி-மைல் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நஷ்ட ரயிலை நிறுத்தினால் அந்தப் பணம் மிச்சம்தானே?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். சிகாகோ யூனியன் ஸ்டேஷனைப் பாருங்கள். சியாட்டில் போகும் எம்பயர் பில்டரும் லாஸ் ஏஞ்சலஸ் போகும் சவுத்வெஸ்ட் சீஃபும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. டிக்கெட் கவுன்ட்டர், பெட்டி கழுவும் யார்டு, முன்பதிவுக் கணினி, தலைமை அலுவலகச் சம்பளம் என்று பொதுச் செலவை ஒரு சூத்திரம் வைத்து ரயில்களுக்குப் பங்கு போடுகிறார்கள். ஒரு ரயில் நின்றால் அதன் டிக்கெட் வருமானம் அன்றைக்கே போய்விடும். யார்டும் கவுன்ட்டரும் அப்படியே இருக்கும். அதன் பங்கு மற்ற ரயில்களின் தலையில் விழும், அப்புறம் அவையும் நஷ்ட ரயில் பட்டியலில் சேரும். 'நிறுத்தினால் எந்தச் செலவு நிஜமாகவே நிற்கும்?' என்று கேளுங்கள்.

நிறுத்தாமல் குறைத்தாலும் இதே கதைதான். 2020 அக்டோபரில் பெரும்பாலான தினசரி நெடுந்தூர ரயில்களை வாரம் 3 நாளாக்கினார்கள். பெட்டியும் யார்டும் சும்மா கிடந்தாலும் செலவு வைக்கும். தினசரி இல்லாத ரயிலை நம்பிப் பயணம் திட்டமிடவும் ஆள் தயங்குவார்கள். 2021-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பணம் ஒதுக்கிய பிறகு தினசரி ஓட்டம் திரும்பியது.

கேள்வி: பாஸ்டன்–வாஷிங்டன் பாதை மட்டும் லாபமாமே?

கோவிட்டுக்கு முன் ஓட்டச் செலவுக் கணக்கில் மிச்சம் காட்டியது, சரி. அங்கே தண்டவாளம் பெரும்பாலும் ஆம்ட்ராக்குக்கே சொந்தம். அந்தப் பாதையில் 1910-இல் திறந்த ஹட்சன் ஆற்றுச் சுரங்கத்தைச் சீர்படுத்தும் பணம், ஓட்டச் செலவில் சேராமல், கட்டுமானத்துக்கான தனி மூலதனக் கணக்கில் போய்விடும். நெடுந்தூர ரயிலோ பெரும்பாலும் சரக்கு ரயில் கம்பெனிகளின் தண்டவாளத்தில் ஓடுகிறது, அந்தக் கட்டணம் ஓட்டச் செலவிலேயே ஏறும். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமே இல்லை.

கேள்வி: எங்கள் ரயிலை நிறுத்தக் கூடாது என்று செனட்டருக்கு எழுதப்போகிறோம். எதைச் சொன்னால் எடுபடும், அண்ணா?

ஊர் பெயரைச் சொல்லுங்கள் அம்மா. 2018-இல் சவுத்வெஸ்ட் சீஃப் பாதையில் டாட்ஜ் சிட்டி முதல் ஆல்புகெர்க்கி வரை ரயிலுக்குப் பதிலாக பஸ் விடலாம் என்ற யோசனை வந்தது. கான்சாஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ செனட்டர்கள் எதிர்த்து நின்றார்கள், ரயில் தப்பித்தது. 'ரயில் எங்கள் பாரம்பரியம்' என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த ஊரிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்தக் கல்லூரிக்குப் போகிறார்கள், பனிக்காலத்தில் வேறு என்ன வழி என்று எழுதுங்கள்.

நான் எம்பயர் பில்டரில் போனபோது மொன்டானாவின் வுல்ஃப் பாயின்ட்டில் ஒரு பாட்டி ஏறினார். மடியில் எக்ஸ்ரே உறை, அது மடங்காமல் இரண்டு கையாலும் பிடித்தபடி 200 மைல் தள்ளி ஹாவரில் இறங்கினார். அதே இருக்கையில் ஹாவரில் ஏறிய ஒரு பையன் பாடப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தான்.