கிரிப்டோ வாலட்டுகளில் எத்தனை வகை, என்ன வேறுபாடு?

பெயர்தான் பணப்பை; உண்மையில் கிரிப்டோ வாலட் ஒரு சாவிக்கொத்து. நாணயக் கணக்கு பிளாக்செயின் என்னும் பொதுப் பேரேட்டில் இருக்கிறது. அதைச் செலவழிக்க உதவும் ரகசியச் சாவி மட்டுமே வாலட்டில் இருக்கும். அந்தச் சாவி இணையத்தோடு ஒட்டியிருக்கிறதா, யார் கையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள்.

இணையத்தோடு ஒட்டியிருக்கும் கைபேசிச் செயலி ஹாட் வாலட். சட்டைப்பையில் சாவி வைத்திருப்பதுபோல எடுக்கச் சுலபம், திருடவும் சுலபம். சாவியை இணையத்தோடு ஒட்டாமல் வைக்கும் பென்டிரைவ் அளவிலான தனிக்கருவி கோல்டு வாலட் (தங்கம் அல்ல, குளிர்!); செலவுக்கு ஒப்புதலாகச் சாவியால் இடும் டிஜிட்டல் கையொப்பம் கருவிக்குள்ளேயே நடப்பதால் சாவி வெளியே வராது. நாணயத்தை வாங்கி விற்கும் வணிகத் தளத்திலேயே அதை விட்டுவைத்தால் சாவி அவர்களிடம். என் கணக்கில் அது அடுத்தவர் வீட்டுப் பெட்டி.

கருவி தொலைந்தால் நாணயமும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, முதல் நாளில் கருவி காட்டியதும் காகிதத்தில் எழுதிவைத்த 12 அல்லது 24 சொற்களை அதே வரிசையில் புதுக் கருவியில் இட்டால் சாவி திரும்பக் கிடைத்துவிடும்.