டார்ட்ஸ் கேள்வி பதில்: ஃபில் டெய்லரும் 16 உலகப் பட்டங்களும்

இளம் உலக சாம்பியன் லூக் லிட்லர் புண்ணியத்தில் டார்ட்ஸ் பார்க்க ஆரம்பித்தவர்கள் நிறையப் பேர். அவரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே "டெய்லர் அளவுக்கு வருவாரா?" என்றுதான் முடிகிறது. அந்த டெய்லர் யார், அப்படி என்ன செய்தார் என்று கேட்டு வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: டார்ட்ஸ் பற்றி ஒன்றும் தெரியாது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

இரண்டு பேரும் ஆளுக்கு 501 புள்ளியோடு தொடங்குவார்கள். ஒரு முறைக்கு மூன்று டார்ட். அடித்ததைக் கழித்துக்கொண்டே வந்து சரியாகப் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். கடைசி டார்ட் டபுளில்தான் விழ வேண்டும். கூடுதலாக அடித்துவிட்டால் அந்த முறை எறிந்தது எதுவும் கணக்கில்லை, பழைய புள்ளிக்கே திரும்ப வேண்டியதுதான். இப்படி ஒரு முறை முடிப்பது ஒரு லெக். மூன்று லெக் ஜெயித்தால் ஒரு செட். இப்போதைய உலகப் போட்டி இறுதியாட்டத்தில் யார் முதலில் ஏழு செட் எடுக்கிறாரோ அவருக்குக் கோப்பை.

போர்டின் வெளி ஓரத்தில் இருக்கும் ஒல்லியான வளையம்தான் டபுள், அதில் விழுந்தால் அந்த எண்ணைப்போல இரண்டு மடங்கு. உள்ளே இருக்கும் இன்னொரு வளையம் ட்ரெபிள், அதற்கு மூன்று மடங்கு. இரண்டுக்கும் அகலம் 8 மில்லிமீட்டர், நம் சுண்டுவிரல்கூட அதைவிடப் பருமன். நிற்கும் கோட்டிலிருந்து போர்டு 2.37 மீட்டர் தள்ளி இருக்கிறது. இருபதுக்கு ஒரு பக்கம் 1, மறுபக்கம் 5. குறி கொஞ்சம் விலகினால் 60 கிடைக்க வேண்டிய இடத்தில் ஒன்றோ ஐந்தோதான் கிடைக்கும்.

கேள்வி: டெய்லர் சின்ன வயதிலிருந்தே பயிற்சி எடுத்தவரா?

இல்லை. 1960ல் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பகுதியில் பிறந்தவர். மண்பாண்டம், பீங்கான் தொழிலுக்குப் பேர்போன இடம். அவரும் ஒரு பட்டறையில் கழிவறைக் காகித உருளை மாட்டும் பீங்கான் கைப்பிடிகள் செய்துகொண்டிருந்தார். வாரச் சம்பளம் 52 பவுண்டு. கல்யாணமாகி, குழந்தைகளும் பிறந்த பிறகுதான் டார்ட்ஸை முழுமூச்சாக எடுத்துக்கொண்டார். முதல் உலகப் பட்டம் வாங்கும்போது வயது 29. பதினேழு வயதில் உலக சாம்பியன் ஆகிற இந்தக் காலத்தில் அது கிட்டத்தட்ட ரிட்டயர்மென்ட் வயது மாதிரித் தெரியும்.

கேள்வி: எரிக் பிரிஸ்டோதான் அவருக்குப் பணம் கொடுத்து வளர்த்தார் என்கிறார்கள். தனக்கே போட்டியாக வரக்கூடிய ஒருவரை எதற்கு வளர்க்க வேண்டும்?

அப்படி வருவார் என்று பிரிஸ்டோவே நினைத்திருக்க மாட்டார். 1980லிருந்து 1986க்குள் ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவர் பிரிஸ்டோ. அவர் பப் நடத்திய அதே ஊரில்தான் டெய்லரும் இருந்தார். ஆள் எறிகிற விதத்தைப் பார்த்துவிட்டு, வேலையை விட வேண்டும் என்ற நிபந்தனையோடு சில ஆயிரம் பவுண்டு கொடுத்தார். தட்டிக்கொடுத்து வளர்க்கிற குரு இல்லை, விரட்டி வேலை வாங்குகிறவர்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் சமயத்தில் பிரிஸ்டோவுக்கு டார்ட்டைடிஸ் வந்திருந்தது. எறியப் போகும் கணத்தில் விரல் டார்ட்டை விட மறுக்கும். கையில் வலி கிடையாது, தசைக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் விரல் விடாது. உலகத்தையே ஆட்டிவைத்தவர் மேடையில் கையை ஓங்கி, இறக்கி, மறுபடி ஓங்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். அந்தக் கையோடும் போராடி 1989, 1990 இரண்டு வருடமும் இறுதியாட்டம் வரை வந்தார். 1990ல் எதிரே நின்றவர் டெய்லர். முடிவு 6-1, ஜெயித்தது சிஷ்யன். பந்தயக்காரர்கள் ஆரம்பத்தில் டெய்லருக்குக் கொடுத்திருந்த விலை ஒன்றுக்கு 125. அவர் ஜெயிப்பார் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

கேள்வி: சிங்கப்பூர் பால் லிம் அந்த வருடம் டெய்லரைவிட அதிகப் பணம் வாங்கினார் என்று படித்தேன். உண்மையா?

உண்மைதான், எனக்கு மிகவும் பிடித்த கதையும் இதுதான். 501ஐ முடிக்கக் குறைந்தது ஒன்பது டார்ட் வேண்டும். இரண்டு முறை 180 (மூன்று டார்ட்டும் ட்ரெபிள் 20), மூன்றாவது முறை 141: ட்ரெபிள் 20, ட்ரெபிள் 19, டபுள் 12 என்று முடிக்கலாம். உலகப் போட்டியில் இதை முதன்முதலில் செய்தவர் பால் லிம், 1990ல். அதற்கென்று தனியாக வைத்திருந்த பரிசு 52,000 பவுண்டு. கோப்பை வாங்கிய டெய்லருக்கு 24,000 பவுண்டு. பிறந்தது சிங்கப்பூர் என்றாலும் அப்போது லிம் ஆடியது அமெரிக்காவுக்காக.

2017 டிசம்பரில், 63 வயதில், மறுபடியும் அதன் விளிம்பு வரை போனார். கேரி ஆண்டர்சனுக்கு எதிராக எட்டு டார்ட்டும் சொன்ன இடத்தில் விழுந்தன. ஒன்பதாவது, டபுள் 12, தவறிவிட்டது. கூட்டம் முழுக்கத் தலையில் கை வைத்தது, அவர் சிரித்தார்.

கேள்வி: 1992 பட்டம் அதிர்ஷ்டத்தில் கிடைத்தது என்று சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா?

பாதி ஒத்துக்கொள்கிறேன். மைக் கிரெகரியோடு இறுதியாட்டம். 5-5 என்று சமமாகி, கடைசி செட்டும் இழுத்து, ஒரே ஒரு லெக்கில் வந்து நின்றது. பட்டத்தை எடுக்க கிரெகரிக்கு டபுளில் ஆறு டார்ட் கிடைத்தது. ஆறும் போயிற்று. கேரமில் ரெட்டைப் போட்டுவிட்டு ஃபாலோ போடத் தெரியாமல் விட்டவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் புரியும். டெய்லர் வந்து முடித்தார். கிரெகரிக்கு அப்புறம் உலகப் பட்டம் கிடைக்கவே இல்லை.

அதிர்ஷ்டம் என்பது எதிராளி தவறவிட்டது. ஆறு முறை கிட்டத்தட்டத் தோற்ற பிறகும் கை நடுங்காமல் டபுளைக் குத்தியது டெய்லர் செய்தது. 2004ல் கெவின் பெயின்டரோடும் இதே மாதிரி 7-6, கடைசி லெக். 2003ல் ஜான் பார்ட்டிடமும் 2007ல் நெதர்லாந்தின் பார்னவெல்டிடமும் அதே 7-6ல் தோற்கவும் செய்தார். என் கருத்து இதுதான்: 180 அடிக்க அந்தக் காலத்திலும் நிறையப் பேர் இருந்தார்கள். மணி பதினொன்றாகி, தொண்டை வறண்டு, டபுளுக்கு ஒரே டார்ட் மிச்சம் என்று நிற்கும்போது சாதாரண நாள் போல எறிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். டெய்லரின் பெருமை எல்லாமே அந்த இடத்தில்தான்.

கேள்வி: 1993க்குப் பிறகு டார்ட்ஸ் இரண்டாக உடைந்ததே, அப்படியானால் அவர் ஜெயித்தது பாதி உலகத்தைத்தானே?

நியாயமான கேள்வி. டெய்லர் ரசிகர்கள் இதைக் கேட்டால் கோபப்படுவார்கள், நான் கோபப்படவில்லை.

80களின் முடிவில் தொலைக்காட்சிகள் ஒவ்வொன்றாக டார்ட்ஸைக் கைவிட்டன. கடைசியில் வருடத்துக்கு ஒரு உலகப் போட்டி மட்டும்தான் டிவியில் வந்தது. டிவி இல்லாவிட்டால் ஸ்பான்சர் இல்லை, வீரர்களுக்குச் சோறு இல்லை. பிரிட்டிஷ் டார்ட்ஸ் அமைப்பு எதுவும் செய்யவில்லை என்று 1993ல் முன்னணி வீரர்கள் 16 பேர் பிரிந்துபோனார்கள். அவர்களை அந்த அமைப்பு தடை செய்தது, அவர்களோடு சேர்ந்து ஆடுபவர்களுக்கும் சிக்கல். சண்டை நீதிமன்றம் வரை போய், 1997ல்தான் சமாதானமானது. பிரிந்தவர்களின் அமைப்புதான் இன்றைய பிடிசி (ப்ரொஃபெஷனல் டார்ட்ஸ் கார்ப்பரேஷன்). பழைய அமைப்பு 2020ல் இழுத்து மூடப்பட்டது.

பிரிந்தவர்கள் 1994ல் நடத்திய முதல் உலகப் போட்டியில் ஆடியது 24 பேர்தான். அதில் டெய்லர் டென்னிஸ் பிரீஸ்ட்லியிடம் 6-1 என்று தோற்றார். அடுத்த எட்டு வருடம், 1995 முதல் 2002 வரை, வரிசையாக எட்டுப் பட்டம். அந்த எட்டுக்கு நான் கொஞ்சம் கழித்துக்கொள்வேன். மறுபக்கம் பார்னவெல்ட் போன்றவர்கள் தனியாகப் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தார்களே. ஆனால் 1999ல் இரண்டு பக்கத்து சாம்பியன்களையும் ஒரு மணிநேரம் மோதவிட்டபோது டெய்லர் லெக் கணக்கில் 21-10 என்று ஜெயித்தார். பார்னவெல்ட் இந்தப் பக்கம் வந்த பிறகு 2007 இறுதியாட்டத்தில் 0-3லிருந்து எழுந்து வந்து டெய்லரை வீழ்த்தினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு வருடம் கழித்து அதே பார்னவெல்டை டெய்லர் 7-1 என்று அடித்தார். அதற்குப் பிறகு பாதி உலகம் என்ற பேச்சுக்கு வேலையில்லை.

கேள்வி: அந்த 2009 ஆட்டத்தில் ஆவரேஜ் 110.94 என்கிறார்கள். அது அதிகமா?

மூன்று டார்ட்டுக்குச் சராசரியாக எத்தனை புள்ளி என்பதுதான் ஆவரேஜ். 100ஐத் தாண்டினால் பிரமாதமான ஆட்டம். நம் அலுவலகங்களில் சும்மா எறிபவர்களுக்கு 40 வந்தாலே பெரிய விஷயம்.

கேள்வி: அவர் எறிவதில் கற்றுக்கொள்ளும்படி ஏதாவது இருக்கிறதா?

19. ட்ரெபிள் 20க்கு எறிந்த முதல் டார்ட் குறுக்கே விழுந்து இடத்தை மறைத்துவிட்டால் பலர் பிடிவாதமாக அதே இடுக்கில் திணிக்கப் பார்ப்பார்கள். டெய்லர் தயங்காமல் போர்டின் கீழ்ப்பக்கம், ட்ரெபிள் 19க்கு இறங்கிவிடுவார். 60க்கும் 57க்கும் மூன்றுதான் வித்தியாசம். அதற்காகக் கௌரவம் பார்க்க மாட்டார். காலை இடம் மாற்றாமல், உடம்பை அசைக்காமல் பார்வையை மட்டும் இறக்குவார். பழைய ஆட்டங்களைப் பார்க்கும்போது டார்ட்டைப் பார்க்காமல் அவர் தலையைப் பாருங்கள்.

கேள்வி: டெய்லருக்கு பிரிட்டிஷ் அரசின் எம்பிஇ விருது ஏன் கிடைக்கவில்லை?

அறிவித்துவிட்டு ரத்து செய்தார்கள். இரண்டு இளம்பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொண்ட வழக்கில் அவர் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து அபராதம் விதித்தது. கோப்பைகளைப் பட்டியல் போடும் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

கேள்வி: லிட்லர் 16ஐத் தாண்டுவாரா?

2025 ஜனவரியில் 17 வயதில் உலகப் போட்டி இறுதியாட்டத்தில் நெதர்லாந்தின் மைக்கேல் வான் கெர்வனை 7-3 என்று ஜெயித்தார், பரிசு 5 லட்சம் பவுண்டு. வயது அவர் பக்கம். ஆனால் எதிரில் நிற்கும் கூட்டமும் டெய்லர் காலத்துக் கூட்டம் இல்லை. வான் கெர்வனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013ல் டெய்லர் 2-4 என்று பின்தங்கியிருந்து, கடைசி ஐந்து செட்டையும் எடுத்து அவரை வென்றார், அதுதான் 16வது பட்டம். அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் வான் கெர்வனுக்குக் கிடைத்த உலகப் பட்டங்கள் மூன்று. அவ்வளவு திறமைக்கே மூன்று! நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

கேள்வி: கடைசி ஆட்டம் எப்படி முடிந்தது?

2018 ஜனவரி 1, லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸ். 57 வயதில் இறுதியாட்டம் வரை வந்துவிட்டார். எதிரே ராப் கிராஸ், எலக்ட்ரீசியனாக இருந்தவர், தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 7-2, கிராஸ். பட்டறையிலிருந்து வந்த டெய்லர் 1990ல் பிரிஸ்டோவுக்குச் செய்ததைத்தான் அவரும் செய்தார்.

கேள்வி: எல்லாரும் ஏன் 32ல் வந்து நிற்கப் பார்க்கிறார்கள்?

டபுள் 16 தவறி, பக்கத்து 16ல் விழுந்தால் மிச்சம் 16, அதாவது டபுள் 8. அதுவும் தவறினால் டபுள் 4, பிறகு 2, பிறகு 1. பாதி பாதியாக இறங்கினாலும் எப்போதும் டபுள் கைவசம் இருக்கும். 40ல் நின்றால் டபுள் 20, டபுள் 10, டபுள் 5, அதோடு சரி. அதுவும் தவறி ஒற்றை ஐந்தில் விழுந்தால் முதலில் ஒற்றைப்படை எண் ஒன்றை அடித்துச் சரிசெய்ய வேண்டும், ஒரு டார்ட் வீண். இன்று சாயங்காலம் போர்டு முன் நின்றால் இதையே பழகுங்கள், 180ஐப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.