மத போதனைகள் பெண்கள் மீதான வன்முறைக்கு எப்படித் துணைபோகின்றன?

பெண்ணைப் போற்றச் சொல்லும் மதம் எப்படி வன்முறைக்குக் காரணமாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் தருமபுரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். கொள்ளி வைக்க மகன் வேண்டும், மகன் இல்லாதவர் ‘புத்’ என்னும் நரகத்துக்குப் போவார் என்ற போதனை, வரதட்சணைச் சுமையோடும் வறுமையோடும் சேர்ந்தபோது, பெண் சிசுவுக்கு நஞ்சான எருக்கம்பாலைப் புகட்டிக் கொல்வதைக்கூட வேறு வழியில்லாத செயலாகச் சிலரை எண்ண வைத்தது. பெற்றோர் வேண்டாமென விடும் பெண் குழந்தைகளை அரசே ஏற்றுக்கொள்வதற்காக 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் இங்கும் விரிவாக்க வேண்டியிருந்தது. பென்னாகரம் பக்கம் எனக்குத் தெரிந்த வீடொன்றில் மூன்றாவது மகளுக்குப் ‘போதும்பொண்ணு’ என்று பெயரிட்டார்கள். ரேஷன் கடையில் அந்தப் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் அவள் தலைகுனிந்தபடியே பையை நீட்டுவாள்.

ஒழுக்கம் கெட்டவனானாலும் கணவனைத் தெய்வம்போல் போற்ற வேண்டும் என்கிறது மனுதர்மம் (5.154). அடிபட்டு வந்த மகளைக் “கல்லானாலும் கணவன்” என்று சொல்லித் திருப்பி அனுப்பும் தாய் கொடியவள் அல்லள். பொறுமையே புண்ணியம் என்று அவளுக்கும் கற்பித்திருக்கிறார்கள். கிறித்தவ, இஸ்லாமியக் குடும்பங்களிலும் கீழ்ப்படிதல் பற்றிய வசனங்கள் இவ்வாறு எடுத்தாளப்படுவதுண்டு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருந்தும், 181 என்ற உதவி எண்ணை அழைக்கப் பெண்கள் தயங்குவதில், கணவன்மீது புகார் கொடுப்பதே பாவம் என்ற அச்சத்துக்குப் பெரும் பங்குண்டு என்று கருதுகிறேன்.