துவக்கின் விசை (trigger) மாற்றுவது: திருகோணமலையிலிருந்து பதில்கள்

அல்பேட்டாவில் 22 வருடம் துவக்குத் திருத்தும் பட்டறையில் வேலை செய்தேன். இப்ப உப்புவெளியில் இருக்கிறேன். வெளிநாட்டில் அனுமதியோடு வேட்டைக்குப் போகும் நம்மட ஆக்கள் கேட்டு எழுதியவைக்கு இதில் பதில் தருகிறேன்.

எட்மண்டனிலிருந்து: மாமா, என்ர சவேஜ் ஆக்சிஸ் வேட்டைத் துவக்கின் விசை கல்லு மாதிரி இருக்கு. டிம்னி கம்பனியின் விசை வாங்கி நானே போடலாமா?

போடலாம் தம்பி. 2010இல் மலிவுத் துவக்காக வந்தது அது. குழலில் குறை சொல்ல முடியாது, காசை மிச்சம் பிடிச்சது விசையில்தான். பட்டறைக்கு வந்த பழைய ஆக்சிஸ்களில் விசையை இழுக்க ஐந்து, ஆறு றாத்தல் பலம் தேவைப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். துவக்கின் முழு எடையே ஆறரை றாத்தல்தான். அந்த இழுவையில் கடைசி நொடியில் குறி விலகாமல் இருக்காது.

வாங்க முதல் நிறுத்துப் பார். கொழும்புக்கு வரேக்க பெட்டி நிறுக்கிற டிஜிட்டல் தராசு உன்னட்ட இருக்கும்தானே? ரவைக்கூட்டைக் கழற்று. அறைக்குள் விரல் விட்டு ரவை இல்லை என்று பார். பிறகு கொக்கியை விசையில் மாட்டி மெல்ல இழு, ஐந்து தரம். வேட்டைக்கு இரண்டரையிலிருந்து மூன்றரை றாத்தல் போதும். குளிரில் கையுறை போட்ட விரலுக்கு அதிலும் கீழே போகாதே.

எடை மட்டும் கணக்கில்லை. எங்கட வீட்டுப் படலைக் கொளுக்கியை நினைச்சுப் பார். ஆழமாக மாட்டியிருந்தால் தூக்க நேரம் எடுக்கும், கரகரக்கும். நுனியில் தொட்டுக்கொண்டு நின்றால் காற்றடிக்கவே திறந்துவிடும். துவக்குக்குள்ளும் இரண்டு உருக்கு விளிம்புகள் இப்படித்தான் ஒன்றையொன்று பிடிச்சிருக்கு. நல்ல விசையில் அந்தப் பிடி ஆழம் குறைவு, ஆனால் மட்டமாக, முழு அகலத்துக்கும் இருக்கும். நீ காசு கொடுக்கிறது அந்த மட்டத்துக்குத்தான்.

பூட்டுறது பெரிய வேலை இல்லை. இரண்டு ஆணி கழற்றினால் பிடங்கு (தோளில் வைக்கும் கட்டை) வரும், ஊசியைத் தள்ளினால் பழைய விசை வரும். சின்ன கிளிப் இருந்தால் பறந்துபோகும், வெள்ளைத் துணி விரிச்சு வேலை செய். முக்கால்வாசிப் பேர் விடுகிறது அதுக்குப் பிறகுள்ள சோதனையைத்தான். வெறும் துவக்கில் போல்ட்டை (ரவையைத் தள்ளி அறையை மூடும் தண்டு) முழுப் பலத்தோடு அடிச்சு மூடு, பத்துத் தரம். ரவையை அடிக்கும் ஊசி ஒருக்காலும் தானாக விழக்கூடாது. சேப்டியைப் போட்டு விசையை இறுக்கி இழு, விரலை எடு, சேப்டியைத் திற. அப்பவும் விழக்கூடாது. பிறகு ரப்பர் விரிப்பில் பிடங்கைத் தட்டிப் பார். இதில் ஒன்று தவறினாலும் துவக்கு ரவையைக் காணக்கூடாது.

கல்கரி: என்னட்ட இருப்பது ஆக்சிஸ் II மாடல். எனக்கும் வேணுமா?

வேண்டாம். அதில் அக்யூட்ரிகர் என்ற, இழுவையைக் கூட்டிக் குறைக்கக்கூடிய விசை கம்பனியிலேயே வருது. நடுவில் இருக்கிற தகட்டை அழுத்தாமல் விழாது. அதைக் குறைச்சு வைச்சுப் பழகு.

மெல்பேர்ண்: ருகர் அமெரிக்கனுக்கு?

அதில் உள்ள திருகாணியாலேயே மூன்றிலிருந்து ஐந்து றாத்தல் வரை மாற்றலாம். மிச்சக் காசுக்கு ரவை வாங்கிப் பயிற்சி எடுங்கோ.

ஒஸ்லோ: அண்ணை, டிம்னி எதுக்கு? பேனாவுக்குள் இருக்கிற ஸ்பிரிங்கைப் போட்டால் விசை இளகுது. மூன்று வருடமாக அதோடதான் வேட்டைக்குப் போறன்.

தம்பி, இன்றைக்கே கழற்றுங்கோ. ஒரு நவம்பரில் ஒருவர் இதே வேலை செய்த துவக்கைக் கொண்டு வந்தார். மேசையில் பத்துத் தரம் போல்ட்டை அடிச்சோம், ஒன்றும் இல்லை. எனக்கு மனம் கேட்கேல்லை. இரவு முழுக்க வெளியில், மைனஸ் 24இல் விட்டேன். காலையில் மூன்றாம் தரம் மூடியதும் 'டிக்' என்று விழுந்தது. உள்ளே இருந்த எண்ணெய் குளிரில் தடிச்சிட்டுது. விசையை முழுசாகத் திருப்பிக் கொண்டுவர அந்த ஸ்பிரிங்குக்குப் பலம் இல்லை. கொளுக்கி பாதிதான் மாட்டியிருந்தது. உள்ளே ரவை இருந்திருந்தால், முன்னால் நடந்த ஆளின் முதுகு.

ஒஸ்லோ திரும்பவும்: டிம்னிக்குள்ளும் ஸ்பிரிங்தானே? விலையைப் பார்த்துச் சொல்லுறீங்கள்.

அதிலும் ஸ்பிரிங்தான். ஆனால் அந்த விளிம்பின் ஆழத்துக்கும் கோணத்துக்கும் கணக்குப் பார்த்துப் போட்ட ஸ்பிரிங். நீங்கள் ஆழமான, கரடான பழைய பிடியை அப்படியே விட்டுட்டு, அதைத் திருப்பிக் கொண்டுவருகிற பலத்தை மட்டும் எடுத்திருக்கிறீங்கள். விசை இளகினது தெரியுது, திரும்பி வரேல்லை என்பது வெளியில் தெரியாது. மூன்று வருடம் ஒன்றும் நடக்கேல்லை என்பது சோதனை இல்லை. கழற்றுங்கோ.

மெல்பேர்ண், இந்தப் பேச்சுக்கு நடுவில்: அப்ப விளிம்பைக் கல்லில் தீட்டினால்?

வேண்டாம். பலதில் கடினப்படுத்தினது மேல்தோல் மட்டும், மெல்லிசு. கல்லு அதை உரிச்சால் கீழே மென்மையான இரும்பு, வேகமாகத் தேயும். விசைக்குள் டபிள்யூடி-40 அடிக்கிறதையும் விடுங்கோ, காய்ந்து பிசினாகும்.

வின்னிபெக்: எத்தனை றாத்தல் வைக்க வேணும்?

முதல் பதிலில் இருக்கு.

தம்பலகாமம்: ஐயா, வயலுக்குப் பன்றி வருது. அனுமதிப்பத்திரம் உள்ள ஒற்றைக்குழல் துவக்கு, விசை இறுக்கம். பக்கத்து வயல்காரர் கட்டுத்துவக்கு வைக்கச் சொல்லுறார்.

பிள்ளை, அந்தத் துவக்கின் விசையை இளக்க வேண்டாம். வயல் வரம்பில் சறுக்கி விழுகிற கையில் இறுக்கமான விசைதான் நல்லது. வாடைக்காற்று மாதங்களில் உள்ளே துருப்பிடிச்சிருக்கும். அனுமதி உள்ள திருத்துநரிடம் கொடுத்துத் துப்புரவாக்குங்கோ. கட்டுத்துவக்கை நினைச்சும் பார்க்காதேங்கோ. சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். அதில் விசையை இழுப்பது கயிறு. பன்றியின் காலா, விடிய மாடு தேடிப் போற பிள்ளையின் காலா என்று கயிறு பார்க்காது. தொல்லை கூடினால் பிரதேச செயலகத்திலும் கமநல சேவை நிலையத்திலும் எழுத்தில் கொடுங்கோ.

ரொறன்ரோ: எத்தனை றாத்தல்…

தயவுசெய்து மேலே வாசியுங்கோ.

வன்கூவர்: பழைய ரெமிங்டன் 700 ஒன்று மலிவாக வருது. அதன் விசையை மாற்ற வேணுமா?

மாற்றுவதை விடுங்கோ, முதலில் எந்த விசை என்று பாருங்கோ. எக்ஸ்-மார்க் புரோ விசை போட்டு 2006 மே 1இலிருந்து 2014 ஏப்ரல் 9 வரை செய்தவற்றைக் கம்பனியே திருப்பி அழைத்தது. பொருத்தும்போது போட்ட ஒட்டுப்பசை கூடிப்போய், சில நிலைமைகளில் தானாக வெடிக்கலாம் என்று அறிவித்தது. விற்கிறவரிடம் தொடர் இலக்கத்தையும், விசையைத் திருத்தின ரசீதையும் கேளுங்கோ. ரசீது இல்லை என்றால் அனுமதி உள்ள திருத்துநரிடம் காட்டிவிட்டு விலை பேசுங்கோ.