80 வயது டகோட்டாவில் ஏறலாமா?

கேள்வி: அமெரிக்காவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். பக்கத்து ஊர் விமானக் கண்காட்சியில், 1944இல் தயாரான டகோட்டா என்ற விசிறி விமானத்தில் 20 நிமிடம் சுற்றிக் காட்டுகிறார்கள். பேரன் ஏறியே தீருவேன் என்கிறான். நம்மூரில் 15 வருடமான காருக்கே எஃப்.சி. புதுப்பிக்க அலைகிறோம். இதை நம்பி ஏறலாமா?

பதில்: தயாரான வருடத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை முறை ஏறி இறங்கியது, இதுதான் விமானத்துக்கு வயது. இன்றைய ஜெட்டில் ஒவ்வொரு பயணத்திலும் உள்ளே காற்றழுத்தம் ஏற்றுகிறார்கள். மேலே போகும்போது விமானத்தின் உடல் லேசாக உப்பும், இறங்கினால் சுருங்கும். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் கடைசியில் பட்டென்று ஒடிகிறதே, அதே கதைதான். 1988இல் ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்றுக்கு நடுவானில் கூரை பிய்த்துக்கொண்டு போனது. அதற்கு வயது 19தான். ஆனால் தீவுக்குத் தீவு தாவித் தாவி, கிட்டத்தட்ட 90,000 முறை பறந்திருந்தது.

டகோட்டாவில் அழுத்தம் ஏற்றும் வேலையே கிடையாது. போதாததற்கு, 1935இல் முதன்முதலாகப் பறந்த டிசி-3 என்ற பயணிகள் விமானத்தின் குடும்பம் இது. எதற்கும் இருக்கட்டும் என்று இறக்கைக்குள் பல தாங்குசட்டங்களை வைத்துத் தாராளமாகக் கட்டிவிட்டார்கள். டர்பைன் எஞ்சின் மாட்டிய டிசி-3கள் அண்டார்டிகாவில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு இறங்கி ஏறுகின்றன.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஏறச் சொல்லவில்லை. இறக்கை மூட்டில் வரிசையாக இருக்கும் போல்ட்டுகளைச் சுற்றி விரிசலோ அரிப்போ இருக்கிறதா என்று முறையாகப் பார்த்தாக வேண்டும். எஞ்சினும் அப்படித்தான். 2019இல் கனெக்டிகட்டில், இதேபோல் பயணிகளை ஏற்றிச் சுற்றிய பி-17 குண்டுவீச்சு விமானம் விழுந்து 7 பேர் இறந்தார்கள். எஞ்சின் கோளாறு, அதைச் சமாளித்த விதத்தில் தவறு, இரண்டுக்கும் பின்னால் அரைகுறைப் பராமரிப்பு. இந்த மாதிரிச் சுற்றுகளுக்கு விமான நிறுவனங்களுக்கு இருக்கும் அளவு கெடுபிடி கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் மெக்கானிக்கிடம் பேச்சுக் கொடுங்கள். எஞ்சினைக் கடைசியாக எப்போது ஓவர்ஹால் செய்தீர்கள்? மாதாமாதம் பறக்கிறதா, கண்காட்சிக்கு மட்டும் வெளியே வருகிறதா? என்னைக் கேட்டால், சும்மா நிற்கும் விமானத்தைவிட ஓடிக்கொண்டிருக்கும் விமானம் மேல். நல்ல மெக்கானிக் என்றால் பேச்சை நிறுத்தவே மாட்டார், பதிவேட்டையே எடுத்துக் காட்டுவார். மழுப்பினால் பேரனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்துவிடுங்கள்.

அப்புறம், எஞ்சினைக் கிளப்பும்போது குபுகுபுவென்று புகை வரும். பயப்படாதீர்கள். வட்டமாக இருக்கும் 14 சிலிண்டர்களில் கீழே இருப்பவற்றில் எண்ணெய் இறங்கித் தேங்கும், அதுதான் எரிகிறது. கிளப்பும் முன் ஆட்கள் விசிறியைக் கையால் தள்ளிச் சுற்றுவதும் அந்த எண்ணெய்க்காகத்தான். தரையில் நிற்கும்போது விமானம் வால் தாழ்ந்திருக்கும், உள்ளே மேடேறுவது போல நடக்க வேண்டும். முட்டி வலி இருந்தால் பின்பக்க இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். இறக்கை மறைக்காது, வேடிக்கை பார்க்கவும் வசதி.