தலைமைப் பயிற்சியாளருக்கு நிர்வாகம் துணை நிற்பது: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் (என்.பி.ஏ.) நிர்வாகத்தின் ஆதரவை எதைக் கொண்டு அளப்பது?

பதில்: அணி தோற்றுக்கொண்டிருக்கும் வாரத்தில், நட்சத்திர வீரர் பயிற்சியாளரைத் தாண்டி மேலிடத்தில் முறையிட்டால் என்ன பதில் கிடைக்கிறது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். நட்சத்திர வீரர் லெப்ரான் ஜேம்ஸ் மயாமி அணிக்கு வந்த 2010-ஆம் ஆண்டுப் பருவத்தில் அவ்வணி முதல் 17 ஆட்டங்களில் 8-இல் தோற்றது. அணி நிர்வாகத்தின் தலைவர் பாட் ரைலி, 2005-இல் அப்போதைய பயிற்சியாளர் ஸ்டான் வான் கண்டி விலகியபோது தாமே பயிற்சியாளராகி மறு ஆண்டே கோப்பை வென்றவர் என்பதால், இம்முறையும் அவரே இறங்குவார் என்ற பேச்சு பலமாக எழுந்தது. அவர் இறங்கவில்லை. பயிற்சியாளர் எரிக் ஸ்போல்ஸ்ட்ராவே தொடர்ந்தார். 2012, 2013 ஆகிய இரு ஆண்டுகளிலும் கோப்பை வந்தது.

கேள்வி: "பயிற்சியாளர் மீது முழு நம்பிக்கை உள்ளது" என்று உரிமையாளர் அறிவித்தால்?

பதில்: அறிக்கையை நம்பாதீர்கள், ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டுகள் மிச்சம் என்று பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் நீண்ட ஒப்பந்தமே ஆதரவாகிவிடுமா?

பதில்: ஆகாது. டெட்ராய்ட் அணி 2023-இல் மாண்டி வில்லியம்ஸைப் பயிற்சியாளராக 6 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்தது. அவரிடம் தரப்பட்ட அணியோ தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்று, 14 வெற்றி, 68 தோல்வியுடன் பருவத்தை முடித்தது. ஓராண்டிலேயே அவர் நீக்கப்பட்டார். வீரர்களின் சம்பள உச்சவரம்பில் பயிற்சியாளரின் ஊதியம் சேராது என்பதால், செல்வந்த உரிமையாளருக்கு அந்தப் பணத்தை இழப்பது பெரிய தடையன்று. தக்க வீரர்களைத் தராமல் ஆண்டுகளை மட்டும் தருவது பாதி ஆதரவே.

கேள்வி: நீங்கள் போற்றும் ரைலி பயிற்சியாளரானதே, 1981-இல் லேக்கர்ஸ் அணியின் நட்சத்திர வீரர் மேஜிக் ஜான்சனின் புகாரால் பயிற்சியாளர் பால் வெஸ்ட்ஹெட் நீக்கப்பட்டதால்தானே?

பதில்: நல்ல அடி. ஜான்சன் தம்மை வேறு அணிக்கு மாற்றும்படி வெளிப்படையாகக் கேட்ட மறுநாளே வெஸ்ட்ஹெட் நீக்கப்பட்டார். தாம் முன்பே முடிவெடுத்துவிட்டதாக உரிமையாளர் ஜெர்ரி பஸ் கூறினார். எனினும் வீரர் சொன்னார், பயிற்சியாளர் போனார் என்றே உலகம் படித்தது. 1982-இல் கோப்பை கிடைத்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

கேள்வி: கிளீவ்லாந்தும் அப்படித்தானே? 30 வெற்றி, 11 தோல்வி என்றிருந்த பயிற்சியாளர் டேவிட் பிளாட்டை 2016 ஜனவரியில் நீக்கி, டைரன் லூவின் கீழ் அதே ஆண்டு கோப்பை வென்றது. ஆதரவு தராததே பலன் தந்திருக்கிறது!

பதில்: தவறான பயிற்சியாளரைக் காப்பது கடமை என்று நான் எங்கும் எழுதவில்லை. காப்பதென்றாலும் மாற்றுவதென்றாலும் நிர்வாகமே தீர்மானித்ததாக வீரர்களுக்குத் தெரிய வேண்டும். தாங்கள் நினைத்தால் மாற்றிவிடலாம் என்று அவர்கள் நம்பத் தொடங்கினால், அடுத்து வருபவருக்கும் அதே கதிதான். லூவும் 2018-இல் பருவத்தின் முதல் 6 ஆட்டங்களில் தோற்றதும் நீக்கப்பட்டார். அதற்குள் லெப்ரான் கிளீவ்லாந்தை விட்டுப் போயிருந்தார் என்று நீங்கள் வாதிடலாம், அதையும் ஏற்கிறேன்.

கேள்வி: நீக்கப்பட்டவருக்கு மீதிச் சம்பளத்தில் வரி எப்படி?

பதில்: வரி ஆலோசகரைக் கேளுங்கள்.

கேள்வி: பொது மேலாளரும் பயிற்சியாளரும் மோதினால்?

பதில்: உரிமையாளர் இருவரையும் அனுப்பிவிடலாம். டென்வரில் 2025 ஏப்ரலில், 3 லீக் ஆட்டங்களே மிச்சமிருக்க, 2023-இல் கோப்பை வென்று தந்த பயிற்சியாளர் மைக்கேல் மலோனும் பொது மேலாளர் கால்வின் பூத்தும் ஒரே நாளில் வெளியேற்றப்பட்டனர்.

கேள்வி: எங்கள் அணி உரிமையாளர் நேற்று முழு நம்பிக்கை தெரிவித்திருக்கிறார். நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.