மூன்று ஏஜெண்ட், ஒரே லாரி

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பூஜைச் சாமான், பட்டுச் சேலைக் கடை வைத்திருக்கிறேன். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் உள்ள என் தம்பி கடைக்கும் நான்தான் சரக்கு அனுப்புகிறேன். தூத்துக்குடியிலிருந்து வந்த கன்டெய்னர் இந்த முறை காவடி முடிந்த பிறகுதான் கைக்குக் கிடைத்தது. இனி மூன்று க்ளியரிங் ஏஜெண்டுகளிடம் (துறைமுகத்தில் சுங்க வேலையை முடித்துச் சரக்கை எடுத்துத் தருபவர்கள்) பிரித்துக் கொடுத்தால் பயமில்லாமல் இருக்கலாமா ஐயா?

பதில்: உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது சகோதரி. திருவிழா முடிந்து வரும் சாமானை யார் வாங்குவார்கள்? ஆனால் ஏஜெண்டுகளைக் கூட்டினால் மட்டும் இது தீராது. இதே ஊரில் கப்பல் சரக்கு வேலையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: பல ஏஜெண்டுகளுக்குச் சொந்தமாக ஒரு லாரிகூடக் கிடையாது. மூன்று பேரும் ஒரே லாரிக்காரரைக் கூப்பிட்டு, ஒரே கிடங்கில் இறக்கினால், பில்தான் மூன்றாகும்.

2021 ஜூலைக் கலவரத்தை நினைத்துப் பாருங்கள். மூய் ரிவர் ஊர்ப் பக்கம் 20-க்கும் மேற்பட்ட லாரிகளைக் கொளுத்தினார்கள்; ஜோஹன்னஸ்பர்க் போகும் என்3 சாலை அடைபட்டது. அது அடங்கிய கையோடு 22-ஆம் தேதி துறைமுகக் கணினிகள் மீது சைபர் தாக்குதல். 2022 ஏப்ரல் வெள்ளம் துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் சாலையையே அரித்தது. 2023 கடைசியில் பல கப்பல்கள் உள்ளே வர இடமில்லாமல் வெளிக்கடலில் காத்துக் கிடந்தன. இதில் ஏஜெண்டை மாற்றியவர் யார் தப்பித்தார்?

அதனால் ஒருவரோ இருவரோ போதும், ஆனால் துருவிக் கேளுங்கள். லாரி யாருடையது, அவர் கைவிட்டால் அடுத்து யார்? கிடங்கு எங்கே? டர்பனின் தெற்கே உள்ள ப்ராஸ்பெக்டன் தாழ்வான பகுதி, அந்த வெள்ளத்தில் அங்கே தண்ணீர் புகுந்தது. பெட்டி தாமதமானால் துறைமுக வாடகையும் கப்பல் கம்பெனியின் பெட்டி வாடகையும் யார் தலையில் விழும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். இன்ஷூரன்ஸையும் எடுத்துப் பாருங்கள். கலவரச் சேதம் சாதாரண பாலிசியில் வராது, அதற்கு சஸ்ரியா என்ற அரசு இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பாதுகாப்பு வேண்டும். வழியில் இருக்கும் சரக்குக்கும் அதை எடுக்கலாம்.

தம்பியின் சரக்கைப் பக்கத்து நாடான மொசாம்பிக்கின் மபுட்டோ துறைமுகம் வழியாகவும் கொண்டுபோகலாம். ஆனால் 2024 தேர்தலுக்குப் பிறகு அங்கேயும் கலவரம் வந்து, இரு நாட்டுக்கும் நடுவே உள்ள லெபோம்போ எல்லை மூடப்பட்டது. டர்பனை விட்டுவிடாமல் இரண்டாவது வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. தூத்துக்குடிப் பெட்டி பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறும். அங்கே ஒரு கப்பலைத் தவறவிட்டாலே நாள் ஓடிவிடும். தைப்பூசச் சாமான் அக்டோபரிலேயே ஏறட்டும். கற்பூரத்தைச் சேலையோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அது தீப்பற்றும் பொருள், கப்பல் விதிப்படி அபாயச் சரக்கு. அறிவிக்காமல் போட்டு மாட்டிக்கொண்டால் பட்டுச் சேலை, குத்துவிளக்கு எல்லாமே அதோடு சேர்ந்து நிற்கும். அதற்குத் தனிப் பெட்டி, தனிப் பத்திரம் போடச் சொல்லுங்கள்.